நார் மில்லில் ஒரு சைக்ளோன்: தூசு மேலே போனதற்குக் காரணம் கீழே இருந்தது

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கேரள எல்லையைத் தாண்டும் சாலையில் தென்னந்தோப்பும் நார் மில்லும் மாறி மாறி வரும். மில்லுக்கு மட்டை இந்தப் பக்கத்துத் தோப்பிலிருந்தும் வரும், எல்லை தாண்டி லாரியிலும் வரும். நாம் மட்டை என்பதை அங்கே தொண்டு என்பார்கள். மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் மிஞ்சும் தூளை நாம் பித் என்போம், அங்கே சகிரிச்சோறு என்பார்கள். பெயர் எதுவானாலும், காயவைத்த பித்தைச் சலிக்கும்போது எழும்பும் பழுப்புத் தூசு ஒன்றுதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேகம் எடுக்கும் ஆனி, ஆடியில் அது பக்கத்துத் தோப்பு ஓலைமேல் எல்லாம் படிந்து நிற்கும்.

இந்தப் பதிவு, அப்படி ஒரு சல்லடைக்கு மேல் ஹூட் போட்டு, தூசை உறிஞ்சி, சைக்ளோனில் (காற்றைச் சுழற்றித் தூசைச் சுவருக்கு ஒதுக்கிப் பிரிக்கும் கூம்புக்கலத்தில்) பிடித்த வேலையைப் பற்றியது. முதலில் காற்றோட்டத்தையும் துகள் பாதையையும் கம்ப்யூட்டரில் கணக்கிட்டோம். பிறகு தகடு வெட்டி வெல்டு வைத்தோம். ஓட்டிப் பார்த்ததும் வெளிக்குழாயில் தூசு வந்தது. கணக்குப்படி வந்திருக்கக் கூடாது. அந்த இடைவெளி எங்கே இருந்தது என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறோம்.

அளவு எடுத்த விதம்

சைக்ளோனுக்குப் புது வடிவம் யோசிக்க வேண்டியதில்லை. ஸ்டேர்மாண்ட் 1951-இல் கொடுத்த உயர்திறன் வடிவத்தின் விகிதங்கள் இன்றும் நன்றாக வேலை செய்கின்றன. உருளையின் உள்விட்டத்தை 1 என்று வைத்தால், நுழைவாயின் உயரம் 0.5, அகலம் 0.2, நடுவில் இறங்கும் வெளியேற்றக் குழாயின் விட்டம் 0.5, அது உள்ளே இறங்கும் ஆழம் 0.5, உருளைப் பகுதியின் உயரம் 1.5, மொத்த உயரம் 4. கூம்பின் அடிவாய் 0.375.

நாங்கள் எடுத்த விட்டம் 600 மி.மீ. ஆக நுழைவாய் 300-க்கு 120 மி.மீ., நடுக்குழாய் 300 மி.மீ., உருளை 900 மி.மீ., கூம்பு 1,500 மி.மீ., அடிவாய் 225 மி.மீ. நுழைவு வேகம் விநாடிக்கு 15 மீட்டர் என்று வைத்தால் காற்றளவு விநாடிக்கு 0.54 கன மீட்டர், மணிக்கு 1,944 கன மீட்டர். 20 மீட்டருக்கு மேல் ஏற்றினால் சுவரில் படிந்த தூசு மறுபடி கிளம்பும். 10-க்குக் கீழே இறங்கினால் சுழற்சி போதாது.

அழுத்த இழப்புக்கு ஷெப்பர்ட், லேப்பிள் இருவரும் 1940-இல் தந்த எளிய சூத்திரம்: நுழைவாயின் பரப்பை நடுக்குழாய் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து 16-ஆல் பெருக்க வேண்டும். இந்த வடிவத்துக்கு 6.4 வரும். காற்றின் அடர்த்தி இந்த உயரத்தில், 32 டிகிரி வெயிலில், கன மீட்டருக்கு 1.12 கிலோ. 15 மீட்டர் வேகத்தின் இயக்க அழுத்தம் 126 பாஸ்கல். இரண்டையும் பெருக்கினால் 806 பாஸ்கல், அதாவது 82 மி.மீ. நீர் உயரம். ஹூட்டையும் டக்டையும் சேர்த்து 1,500 பாஸ்கல் என்று எடுத்து, ஃபேன் திறன் 55 சதவீதம் என்றால் தேவை ஏறத்தாழ 1.5 கிலோவாட். 3 குதிரைத்திறன் மோட்டார் போட்டோம். ஃபேன் சைக்ளோனுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் மட்டையோடு வரும் கல்லும் ஆணியும் இறக்கையை அடிக்கும், பொறியும் பறக்கும். காய்ந்த பித் தூசுக்கு ஒரு பொறி போதும்.

துகளின் எடையைக் குழாய்தான் சொல்லும்

துகள் கணக்கில் முதலில் சறுக்கும் இடம் அடர்த்தி. பித் என்பது கடற்பஞ்சு மாதிரி, உள்ளெல்லாம் காற்றறை. செல்சுவரின் அடர்த்தியைப் போட்டால் துகள் உண்மையில் இருப்பதைவிடக் கனமாகிவிடும், சைக்ளோன் காகிதத்தில் அற்புதமாகத் தெரியும். குவியலின் அடர்த்தியைப் போடுவதும் தவறு. அதில் துகள்களுக்கு இடையிலுள்ள வெளியும் சேர்ந்திருக்கிறது.

நமக்கு உண்மையில் வேண்டியது அடர்த்தியே இல்லை. காற்றில் அந்தத் துகள் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதுதான். அதை நேராக அளக்கலாம். 110 மி.மீ. பி.வி.சி. குழாய் இரண்டு மீட்டருக்கு மேல் எடுத்துச் செங்குத்தாகக் கட்டி, அடியை மூடி, மேல்வாயிலிருந்து சரியாக 2 மீட்டர் கீழே அக்ரிலிக் ஜன்னல் வைத்து, பக்கத்தில் டார்ச்சு அடித்தோம். 106 மைக்ரான் சல்லடையில் இறங்கி 90 மைக்ரானில் நின்ற தூளை மட்டும் எடுத்து, ஒரு சிட்டிகைக்கும் குறைவாக மேலே தூவி, கைபேசியில் படம் பிடித்தோம்.

இங்கே இரண்டு விஷயம் கெடுக்கும். ஒரேயடியாகக் கொட்டினால் தூள் கொத்தாகச் சேர்ந்து, தனித்துகளைவிட வேகமாக இறங்கும். முதல் நாள் 8 விநாடியில் வந்தது அதனால்தான். அடுத்தது மின்னேற்றம்: காய்ந்த பி.வி.சி. தூளைச் சுவருக்கு இழுத்து ஒட்டவைக்கும். குழாயின் உள்ளே ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, வெளியே செம்புக் கம்பி சுற்றி எர்த் கொடுத்ததும் சரியானது. அதன்பிறகு எடுத்த அளவுகளின் சராசரி 21 விநாடி, அதாவது விநாடிக்கு 0.095 மீட்டர்.

98 மைக்ரான் கோளம் இந்த வேகத்தில் விழ வேண்டுமானால் அதன் அடர்த்தி என்னவாக இருக்கவேண்டும்? ஸ்டோக்ஸ் விதியோடு, ரெனால்ட்ஸ் எண் 0.56-க்கு ஷில்லர்–நௌமான் திருத்தம் 1.10 சேர்த்தால் கன மீட்டருக்கு 370 கிலோ. தண்ணீரின் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய எடை. துகளின் ஒழுங்கற்ற வடிவமும் இந்த எண்ணுக்குள் கொஞ்சம் அடங்கிவிடுகிறது, அதுதான் இந்த முறையின் வசதி. மிகப் பெரிய துணுக்குகளுக்கும் நார்த்துண்டுகளுக்கும் மட்டும் இது பொருந்தாது. அவற்றுக்கு ஹைடர்–லெவன்ஸ்பீல் சூத்திரத்தில் கோளத்தன்மை எண் கொடுத்து இழுவையைத் தனியாகக் கணக்கிட்டோம்.

370-ஐ வைத்து லேப்பிள் சூத்திரம் போட்டால், காற்று உள்ளே 5.5 சுற்று சுற்றுகிறது என்ற கணக்கில், பாதிக்குப் பாதி பிடிபடும் துகளின் அளவு 10 மைக்ரான் வருகிறது. தண்ணீர் அடர்த்தியைப் போட்டிருந்தால் 6 வந்திருக்கும்.

கம்ப்யூட்டரில் ஓட்டியது

காற்றோட்டத்தைக் கணக்கிட ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினோம், லைசென்ஸ் செலவு கிடையாது. உள்வெளியைச் சிறு அறைகளாகப் பிரித்த மெஷ் 7 லட்சம் செல். நடு அச்சில் செல்களெல்லாம் ஆப்பு ஆப்பாக ஒரு புள்ளியில் கூடினால் அங்கேதான் கணக்கு முதலில் வெடிக்கும். ஆகவே நடுவில் சதுரக் கட்டம், சுற்றி வளையக் கட்டம் என்று அமைத்தோம். சுவரை ஒட்டிய முதல் செல் 1.3 மி.மீ., நடுக்குழாய்க்குக் கீழே 6 மி.மீ. செல்களின் திசை ஓட்டத்தின் திசையோடு ஒத்துப்போவது முக்கியம். தானியங்கி முறையில் உருவான மெஷ் சுழற்சியைக் குறுக்காக வெட்டி, இல்லாத பாகுத்தன்மையைக் கொண்டுவந்துவிடும். துல்லியம் குறைந்த முதல் வரிசைக் (ஃபர்ஸ்ட் ஆர்டர்) கணக்கு முறையும் அதே கெடுதலைச் செய்யும். இரண்டாம் வரிசைக்குக் குறைந்து சைக்ளோனில் எதையும் நம்பக்கூடாது.

கொந்தளிப்புக்குக் கே-எப்சிலான் மாதிரியை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் ஒரு தடவை ஓட்டினோம். அது கொந்தளிப்பை எல்லாத் திசைக்கும் ஒரே பாகுத்தன்மையாக எடுத்துக்கொள்கிறது. கடுமையாகச் சுழலும் காற்றில் அந்த அனுமானம் நிற்காது. விளைவு, அச்சிலிருந்து சுவர்வரை வேகம் நேர்க்கோடாக ஏறுகிறது, ஒரு திடமான சக்கரம் சுழல்வதுபோல். உண்மையான சைக்ளோனில் உள்வட்டம் மட்டுமே அப்படிச் சுழலும். வெளிவட்டத்தில் சுவரிலிருந்து உள்ளே வரவரத்தான் வேகம் கூடும். கொந்தளிப்பைத் திசைக்குத் திசை தனியாகக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் தகைவு மாதிரிக்கு மாறியதும் இந்த வடிவம் வந்தது. உச்ச வேகம் நுழைவு வேகத்தைப்போல் 1.6 மடங்கு, விநாடிக்கு 24 மீட்டர், அச்சிலிருந்து ஏறக்குறைய 100 மி.மீ. தள்ளி. அந்த இடத்தில் துகள்மேல் விழும் மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 580 மடங்குக்கு மேல். சுவரருகே அது 76 மடங்கு மட்டுமே. துகள் பிரிவது எந்த இடத்தில் தீர்மானமாகிறது என்பதை இந்த இரண்டு எண்ணும் காட்டிவிடும்.

நிலைத்த ஓட்டமாகத் தீர்க்க முயன்றால் எச்சங்கள் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழைகள்) ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அது பிழை அல்ல. நடுச்சுழல் தன் அச்சிலேயே நிற்காமல் பம்பரத்தின் தலைபோல் வட்டமடிக்கிறது. ஆகவே நேரத்தோடு தீர்க்க வேண்டும். காலப்படி 0.2 மில்லிவிநாடி. சைக்ளோனின் கொள்ளளவு 0.47 கன மீட்டர், ஆக உள்ளே காற்று தங்கும் நேரம் 0.87 விநாடி. முதல் மூன்று தங்குநேரத்தைக் கழித்துவிட்டு, அதன்பிறகே சராசரி எடுக்கவும் துகள் விடவும் தொடங்கினோம். பதினாறு கோர் மேசைக் கணினியில் ஓர் ஓட்டத்துக்கு ஒரு முழு இரவும் மறுநாள் மதியம் வரையும் ஆகும்.

துகள்கள் 5 மைக்ரானிலிருந்து 300 மைக்ரான் வரை ஏழு அளவு. காற்றில் தூசு கன மீட்டருக்கு 20 கிராம். பரும அளவில் லட்சத்தில் 5 பங்கு. எல்கோபாஷியின் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் துகளும் காற்றைப் பாதிக்கும் இருவழிப் பிணைப்பு எல்லைக்குள் இது விழும். எடையில் 1.8 சதவீதமே என்பதால் ஒருவழிக் கணக்கே போதும் என்று முடிவு செய்தோம். பிடிப்புத் திறனைப் பொறுத்தவரை அது சரிதான். அழுத்த இழப்பு மட்டும், தூசோடு ஓடும்போது, கணக்கைவிடச் சற்றுக் குறையும். அதை எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவரில் மோதும் துகளின் மீள்தன்மையை 0.3-க்கும் 0.8-க்கும் மாற்றிப் பார்த்தோம். 20 மைக்ரானுக்குக் கீழே வித்தியாசமே இல்லை. 150-க்கு மேலான துகள்களில் சில கூம்பின் சரிவில் இறங்காமல் ஒரே உயரத்தில் சுற்றிக்கொண்டே நின்றன. கணக்கு நேரம் முடிந்ததும் அவற்றைத் தப்பியவை என்று எண்ணிவிட்டால் பெரிய துகளின் திறன் சிறியதைவிடக் குறைவாகத் தெரியும். பிடிபட்டவை, தப்பியவை, உள்ளே தொங்குபவை என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

முடிவு: 10 மைக்ரான் நூற்றுக்கு 48, 20 மைக்ரான் நூற்றுக்கு 93, 40-க்கு மேல் எல்லாமே பிடிபடும். லேப்பிள் சூத்திரத்தோடு அழகாக ஒத்துப்போனது. அந்த ஒற்றுமையே எங்களை அசட்டையாக்கியது.

தகட்டு வேலை

2 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடு. கூம்பை விரித்தால் வெளி ஆரம் 2,419 மி.மீ., உள் ஆரம் 907 மி.மீ., கோணம் 44.65 டிகிரி வரும். இவை உள்ளளவுக்கானவை, தகட்டின் நடுக்கோட்டுக்கு விட்டத்தில் 2 மி.மீ. கூட்டிக் கணக்கிட வேண்டும். முழுத்துண்டின் அகலம் 1,838 மி.மீ. ஆவதால் 1,250 அகலத் தகட்டில் கொள்ளாது. இரண்டு பாதியாக வெட்டினால் ஒவ்வொன்றும் 936 மி.மீ.தான்.

உள்பக்க வெல்டை கிரைண்டரால் சமமாகத் தேய்க்க வேண்டும், இதில் சமரசம் கூடாது. சுவரையொட்டித் தூசு ஒரு கயிறுபோல் முறுக்கிக்கொண்டு இறங்கும். செங்குத்து வெல்டு மேடு அதன் வழியில் நின்றால் கயிறு சிதறி உள்சுழலுக்குள் தெறிக்கும். நடுக்குழாயின் அடியும் நுழைவாயின் அடியும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். குழாய் 20 மி.மீ. குட்டையானாலும் வந்த தூசு சுற்றாமலே குறுக்கு வழியில் மேலே போகும். ஒவ்வொரு ஃபிளாஞ்சையும் தாண்டிச் செம்புப் பட்டை போட்டு எல்லாவற்றையும் எர்த்தில் இணையுங்கள்.

ஓடவிட்டபோது

முதல் ஓட்டத்திலேயே வெளிக்குழாயில் கண்ணுக்குத் தெரியும் தூசு. கையில் பிடித்துத் தேய்த்தால் நெறுநெறுவென்றது. 10 மைக்ரான் தூள் நெறுநெறுக்காது. 100, 200 மைக்ரான் துகள்கள் தப்புகின்றன என்று விரலே சொன்னது.

எடை போட்டுச் சரிபார்த்தோம். 10 கிலோ தூளைச் சீராக ஊட்டியதில் அடியில் கிடைத்தது 7.9 கிலோ. இதை அப்படியே 79 சதவீதம் என்று எழுதுவது தவறு. வேகமாக ஓடும் காற்றில் பித் போகிற வழியிலேயே காய்ந்துவிடும். ஊட்டும்போது ஈரம் 18 சதவீதம், பிடிபட்டபோது 15. 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை வைத்துப் பார்த்த எண்கள் இவை. உலர் எடையில் உள்ளே போனது 8.2 கிலோ, கிடைத்தது 6.715 கிலோ, திறன் 82 சதவீதம். ஈரத்தைக் கழித்தபிறகும் நூற்றுக்குப் பதினெட்டு வெளியே போகிறது.

காற்றளவு குறைந்திருக்குமோ என்று, ஓடும் காற்றின் அழுத்தத்தைக் கொண்டு வேகம் காட்டும் பிட்டோ குழாயால் அளந்தோம். 200 மி.மீ. டக்டில், வளைவுக்குப் பின்னால் 1.6 மீட்டர் நேர்க்குழாய் விட்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு துளை. ஒவ்வொன்றிலும் சுவரிலிருந்து 5, 16, 29, 45, 68, 132, 155, 171, 184, 195 மி.மீ. ஆழத்தில் பத்து அளவு. இவை சம பரப்பு வளையங்களின் இடங்கள். கிடைத்த அழுத்தங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் எடுத்து, அந்த வர்க்கமூலங்களின் சராசரியைத்தான் வேகத்துக்குப் பயன்படுத்த வேண்டும். 17 மி.மீ. நீர் அளவை நேர் யூ-குழாயில் படிப்பது சிரமம். ஐந்துக்கு ஒன்று சரிவாகச் சாய்த்த குழாயில் அது 85 மி.மீ. ஆக நீளும்.

சைக்ளோனுக்கு முன் விநாடிக்கு 0.52 கன மீட்டர். பெரிய குறைவில்லை. அழுத்த இழப்பு 64 மி.மீ. நீர்தான், அந்த ஓட்டத்துக்கு 76 இருந்திருக்க வேண்டும். இழப்பு குறைந்தால் மின்சாரம் மிச்சம் என்று மகிழ்வதற்கில்லை. சைக்ளோனில் அழுத்தம் சுழற்சியின் விலை. அது குறைந்தால் சுழற்சி செத்திருக்கிறது என்று பொருள்.

அதே பிட்டோவை ஃபேனுக்குப் பின்னால் வைத்தபோது விடை கிடைத்தது: 0.57. உள்ளே போனதைவிட 0.05 கூடுதலாக வெளியே வருகிறது. நடுவில் எங்கோ காற்று நுழைகிறது.

கசிவைத் தேட ஊதுபத்தியைக் காட்டுவது வழக்கம். பித் தூசு இருக்கும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள். ஒரு சிட்டிகை டால்கம் பவுடரையோ, பிரித்த பஞ்சு நூலையோ இணைப்புக்கு அருகில் பிடித்தால் போதும். மேல் ஃபிளாஞ்சுகளில் நூல் அசையவில்லை. அடியில் இருந்த, இறக்கைகள் சுழன்று தூளை வெளியே தள்ளும் ரோட்டரி வால்வில் நூல் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொண்டது.

பழைய வால்வு அது. ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே 2.5 மி.மீ. இடைவெளி. 250 மி.மீ. நீள ரோட்டருக்கு இருபுறமும் சேர்த்து 12.5 சதுர செ.மீ. வால்வின் மேல் ஃபிளாஞ்சின் கேஸ்கட்டும் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. சேகரிப்புத் தொட்டியில் உறிஞ்சல் 122 மி.மீ. நீர், ஏறக்குறைய 1,200 பாஸ்கல். இந்த உறிஞ்சலில் இடுக்கு வழியாக விநாடிக்கு 28 மீட்டர் வேகத்தில் காற்று பாயும். 0.05 கன மீட்டர் நுழைய 18 சதுர செ.மீ. போதும், ஒரு தீப்பெட்டியின் முகப்பளவு. ரோட்டரின் அறைகள் சுமந்து வரும் காற்றும் உண்டு, ஆனால் சுற்றுக்கு 9 லிட்டர், நிமிடத்துக்கு 5 சுற்று என்றால் அது விநாடிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு. குற்றம் இடைவெளியுடையதுதான்.

இது ஏன் இவ்வளவு கெடுக்கிறது? 0.05 கன மீட்டர் 225 மி.மீ. அடிவாய் வழியாக ஏறினால் சராசரி மேல்நோக்கு வேகம் விநாடிக்கு 1.26 மீட்டர். 300 மைக்ரான் பித் துகள் விழும் வேகமோ 0.6 மீட்டரை எட்டாது. 100 மைக்ரான் 0.1-தான். சுவரோடு இறங்கிவந்து, பிரிந்து, பிடிபட்டுவிட்ட துகளைக் கடைசி அடியில் இந்தக் காற்று திரும்ப எடுத்து, நடுச்சுழலில் போட்டு மேலே அனுப்புகிறது. மேலே எவ்வளவு நன்றாகப் பிரித்தாலும் பயனில்லை.

மாதிரிக்குள் கசிவைக் கொண்டுவந்தது

எங்கள் முதல் கணக்கில் கூம்பின் அடியை மூடிய சுவராக வைத்திருந்தோம். அதைத் தொட்ட துகள் பிடிபட்டது என்று எண்ணினோம். வரைபடத்தில் இருந்த சைக்ளோனுக்கு அது சரியான விடை. மில்லில் நிற்கும் சைக்ளோன் வேறு.

இரண்டு மாற்றம் செய்தோம். கூம்புக்குக் கீழே 600 மி.மீ. உயரச் சேகரிப்புத் தொட்டியையும் மெஷ்ஷுக்குள் சேர்த்தோம். நடுச்சுழலின் வால் அடிவாயோடு நிற்பதில்லை. தொட்டிக்குள் இறங்கிக் கிளறுகிறது. அடுத்து, தொட்டியின் அடியில் விநாடிக்கு 0.05 கன மீட்டர் உள்ளே நுழையும் எல்லை வைத்தோம். தொட்டியின் பாதி உயரத்துக்குக் கீழே போன துகள் மட்டுமே பிடிபட்டதாக எண்ணப்படும்.

20 மைக்ரான் நூற்றுக்கு 93-லிருந்து 61-க்கு விழுந்தது. 40 மைக்ரான் 78. 100 மைக்ரான்கூட 88. மில்லில் சலித்துக் கிடைத்த அளவுப் பங்கீட்டின்படி கூட்டினால், எடைபோட்டு வந்த 82-ஐ ஒட்டி வந்து நின்றது. உச்சச் சுழல் வேகமும் குறைந்தது, அழுத்த இழப்பும் அதோடு இறங்கியது. எதையும் இழுத்துப் பொருத்தவில்லை. அளந்த கசிவை உள்ளே போட்டதோடு சரி.

இன்னும் 2 சதவீதம், 5 சதவீதம் கசிவுக்கும் ஓட்டிப் பார்த்தோம். திறன் சரிவது நேர்க்கோடாக இல்லை. முதல் சில சதவீதத்திலேயே சின்னத் துகள்கள் கை நழுவத் தொடங்குகின்றன. ஆகவே கசிவை 1 சதவீதத்துக்குள் கொண்டுவருவது என்று இலக்கு வைத்தோம். கணினி இல்லாமலே வால்வை மாற்றியிருக்கலாமே என்று கேட்டால், மாற்றியிருக்கலாம். எவ்வளவு இறுக்கமாக வேண்டும், எதற்குமேல் இறுக்கிப் பயனில்லை என்பதைச் சொன்னது கணக்கு.

வால்வை மாற்றியமைத்தது

புது வால்வு வாங்கவில்லை. ரோட்டர் இறக்கைகளின் நுனியை 8 மி.மீ. குறைத்து, 6 மி.மீ. நியோப்ரீன் பட்டையை 3 மி.மீ. எம்.எஸ். பட்டிகொண்டு போல்ட்டில் பிடித்தோம். போல்ட் துளையை நீள்வட்டமாக அடித்தால் தேயத்தேய ரப்பரை வெளியே தள்ளிக்கொள்ளலாம். ரப்பர் உடலை மெல்லத் தடவ வேண்டும், அழுத்தக் கூடாது. முதலில் 1 மி.மீ. அழுத்தம் கொடுத்ததில் கியர் மோட்டார் சூடாகி, ரப்பர் நுனி சுருண்டுவிட்டது.

அடுத்த தொல்லை நார். சல்லடையைத் தாண்டி வரும் 30, 40 மி.மீ. நார்த்துண்டுகள் ரோட்டர் ஷாஃப்ட்டில் சுற்றி, முனை மூடிக்கும் இறக்கைக்கும் நடுவே பந்து கட்டும். அது இறக்கையை ஒருபுறம் தள்ளி மறுபடி இடைவெளி உண்டாக்கும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கிளாண்ட் பேக்கிங் வைத்து, உள்பக்கம் ஒரு வட்டத் தகடு பற்ற வைத்ததும் நார் உள்ளே நுழைவது நின்றது. ஹூட்டிலேயே 10 மி.மீ. கண் கம்பிவலை போட்டது அதைவிடப் பலன் தந்தது, வாரம் ஒருமுறை அதைத் துடைக்க வேண்டியிருந்தாலும்.

வால்வின் வேகத்தைக் கூட்டத் தேவையில்லை. மணிக்கு வரும் 39 கிலோ தூளின் குவியல் அடர்த்தி கன மீட்டருக்கு 120 கிலோ என்றால் நிமிடத்துக்கு 5.4 லிட்டர். நிமிடத்துக்கு 5 சுற்றில் 45 லிட்டர் தள்ளும் வால்வுக்கு அது ஒன்றுமே இல்லை. தொட்டியில் தூள் மட்டம் ஏறாமல் பார்ப்பது அதைவிட முக்கியம். மட்டம் கூம்பின் அடிவாயை நெருங்கினால், கசிவே இல்லாவிட்டாலும் சுழலின் வால் அதை வாரிக்கொண்டு போகும். துடுப்பு வகை மட்ட சுவிட்ச் ஒன்றை அடிவாயிலிருந்து 400 மி.மீ. கீழே பொருத்தி, தொட்டதும் சல்லடை மோட்டார் நிற்கும்படி இணைத்தோம்.

மறுபடி அளந்தபோது முன்னால் 0.545, பின்னால் 0.55. அழுத்த இழப்பு 77 மி.மீ. நீர்; கணினி சொன்னது 80. தூசும் சுவரின் சொரசொரப்பும் சுழற்சியைக் கொஞ்சம் தின்பதால் இந்த 3 மி.மீ. வித்தியாசம் எதிர்பார்த்ததுதான். 10 கிலோ ஊட்டியதில் அடியில் 9.3 கிலோ, அதே 15 சதவீத ஈரம். உலர் எடையில் 7.905 கிலோ, திறன் 96 சதவீதம்.

மீதி 4 சதவீதம் பெரும்பாலும் 15 மைக்ரானுக்குக் கீழான தூள். அதை இந்தச் சைக்ளோன் பிடிக்காது. விட்டத்தைக் குறைத்துப் பல சைக்ளோனாகப் போடலாம், ஆனால் சின்ன அடிவாய் ஒவ்வொன்றும் நாரால் அடைத்துக்கொள்ளும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகும் மழைநாளில் கூம்புச் சரிவில் பித் அப்பிக்கொள்ளும். கூம்பின் அடிப்பகுதியில் 150 மி.மீ. சுத்தக் கதவு ஒன்று வையுங்கள். அதற்கும் ரப்பர் கேஸ்கட் கட்டாயம். வெளிக்குழாயின் தலையில் கூம்புத் தொப்பி போடாதீர்கள். கணவாய்க் காற்று அடிக்கும்போது அது வெளியேறும் காற்றைக் கீழ்நோக்கி மடக்கி முற்றத்திலேயே தூசை இறக்கும். மழைக்கு, குழாயைச் சுற்றி அதைவிடப் பெரிய விட்டத்தில் ஓர் உறைக்குழாய் மேலே நீட்டி, அடியில் நீர் வடிய இடம் விட்டால் போதும்.

வால்வை மாதம் ஒருமுறை பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டியபின், ஒரு செய்தித்தாள் துண்டை ரப்பர் நுனிக்கும் உடலுக்கும் நடுவே விட்டு, ரோட்டரைக் கையால் திருப்பி, இழுக்க வேண்டும். பிடிப்போடு வந்தால் சரி. சும்மா வந்தால் போல்ட்டைத் தளர்த்தி ரப்பரை 1 மி.மீ. வெளியே தள்ளுங்கள், நீள்வட்டத் துளையின் கடைசி வரை வந்துவிட்டதென்றால் பட்டையை மாற்றுங்கள்.